வில்கேனியாவுக்குப் பணம் போகுது, முடிவு எடுக்கறது யாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தோட மேற்குப் பகுதி பூர்வகுடி மக்கள் பத்தி வந்த கட்டுரையில "அரசு கோடிக்கணக்கா கொட்டியும் ஒண்ணும் மாறல"ன்னு ஒரு வரி இருந்துச்சு. இங்க சிட்னியில நம்ம ஆளுங்க பார்ட்டில சாப்பிட்டுக்கிட்டே சொல்றதுதான், பத்திரிகையிலயும் அப்படியே வந்ததால எழுதறேன். கொட்டுனது உண்மைதான், எதுக்கு செலவு பண்ணணும்னு யார் முடிவு பண்ணாங்கன்னு கட்டுரை கேக்கவே இல்லையே?

1990ல ஆரம்பிச்ச அட்சிக், பூர்வகுடி மக்களே ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புன அமைப்பு. தலைமை மேல புகார் இருந்துச்சு, மறுக்கல. ஆனா 2005ல பிரதமர் ஹோவர்ட் அரசு அதை மூடுனப்ப ஊர்ப்பக்கம் இருந்த ரீஜனல் கவுன்சில்களையும் சேர்த்தே மூடிட்டாங்க. அந்த மேற்குப் பகுதியில முர்டி பாக்கின்னு சொல்ற வட்டாரத்து ஆளுங்க அதோட வீட்டுக்குப் போகல, ஊருக்கு ஊர் இருந்த கம்யூனிட்டி வொர்க்கிங் பார்ட்டிகளை (உள்ளூர்க் குழுக்களை) வச்சு ரீஜனல் அசெம்பிளின்னு தாங்களே நடத்துனாங்க, பர்க், பிரிவாரினா, வால்கெட், வில்கேனியான்னு 16 ஊரு. பத்து வருஷம் கழிச்சு, 2015ல, மாநில அரசு லோக்கல் டெசிஷன் மேக்கிங் (ஊர்க்காரங்களே முடிவெடுக்கறது) திட்டத்துல அவங்களோட அக்கார்டு, அதாவது ஒப்பந்தம், போட்டுச்சு. வீடு, படிப்பு, வேலைன்னு எது முக்கியம்னு அசெம்பிளி சொல்லலாம், டிபார்ட்மென்ட் ஆளுங்க எதிர்ல உக்காந்து பேசணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா பர்ஸ் இன்னும் சிட்னியிலதான், என் வருத்தமே அதுதான்.

அதனால என்ன ஆகும்னு 2021ல பாத்தோம். வில்கேனியால ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு மூணு குடும்பம் இருக்கு, கோவிட் வந்தா தனிமைப்படுத்த இடமே இல்லன்னு அங்க க்ளினிக் நடத்தற மாரி மா அமைப்பு 2020லயே கான்பெராவுல மத்திய அரசுக்கு எழுதி எச்சரிச்சுது. ஒண்ணும் நடக்கல. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல கோவிட் வந்துச்சு, குளிர்ல வீட்டு வாசல்ல டென்ட் போட்டு ஜனங்க படுத்தாங்க, அப்புறம்தான் அரசு மோட்டார்ஹோம் கொண்டுவந்து நிறுத்துச்சு. தெரிஞ்சவங்க கையில அன்னைக்கே காசு இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?

பர்க்ல ஜெயிலுக்குப் போறதைக் குறைக்கப் பாக்கற மரங்குகா திட்டம் பத்தி கட்டுரையில ஒரு வார்த்தை கூட இல்லாதது எனக்கு ஆச்சரியம். 2013 வாக்குல ஊர் பெரியவங்க ஆரம்பிச்சது, முதல்ல தனியார் அறக்கட்டளை காசுதான் அதிகம். காலையில போலீஸும் ஊர்க்காரங்களும் ஒண்ணா உக்காந்து முந்தின நாள் என்ன நடந்துச்சு, எந்த வீட்டுக்கு உதவி வேணும்னு பாப்பாங்க. லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டியே ஜெயிலுக்குப் போற பசங்களுக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்தாங்க, இது சின்ன விஷயமா தெரியும், பஸ் வசதி சரியா இல்லாத ஊர்ல சின்னது இல்ல. 2018ல கேபிஎம்ஜிங்கற தணிக்கை நிறுவனம் பாத்த கணக்குல குடும்ப வன்முறை 23 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, ஒரே வருஷத்துல 31 லட்சம் டாலர் மிச்சம்.

"அவங்ககிட்ட குடுத்தா கணக்கு யார் காட்டுவா"ன்னு அடுத்த கேள்வி வரும், தெரியும். சின்ன பூர்வகுடி அமைப்புங்க ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் தனித்தனியா ரிப்போர்ட் எழுதியே ஓஞ்சு போறாங்க, குறுகிய கால கான்ட்ராக்ட் வேற, நர்ஸையோ சோஷியல் வொர்க்கரையோ எப்படி வேலைக்கு நிக்க வைக்கறது? சரியா செய்யாத அரசு டிபார்ட்மென்ட்ட யாரும் மூடுனதா நான் கேள்விப்படல. 2020ல மத்திய, மாநில அரசு எல்லாம் கையெழுத்து போட்ட, பூர்வகுடி மக்களுக்கும் மத்தவங்களுக்கும் இருக்கற இடைவெளியைக் குறைக்கற குளோசிங் தி கேப் ஒப்பந்தத்துல முடிவுல பங்கு, சமூகம் நடத்தற அமைப்புகளுக்கு பலம், ஊர் பத்தின டேட்டா கைக்குக் கிடைக்கறதுன்னு எல்லாம் இருக்கு. 2024ல மத்திய அரசோட ஆய்வு அமைப்பான புரொடக்டிவிட்டி கமிஷன் பாத்துட்டு பெருசா எதுவும் மாறலன்னு சொல்லிடுச்சு.

கட்டுரையாளர் ரெண்டாம் பாகம் எழுதறதா இருந்தா ஒண்ணு செய்யலாம். அந்த 16 ஊர்ல ஏதாவது ஒண்ணுக்குப் போற பணத்துல எவ்வளவு அந்த ஊர் அமைப்புக்கே நேரா போகுது, எவ்வளவு வெளியூர் என்ஜிஓ கைக்குப் போகுதுன்னு விசாரிச்சு போடுங்க.

வாசகர்,
பிளாக்டவுன், சிட்னி