டெய்லர் அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே உட்கார இன்னும் இடம் இல்லை. கட்டிலும் பீரோவும் தெருவில் காய்கின்றன. தரையை மூன்று தடவை கழுவியாயிற்று, வழுக்கல் போனபாடில்லை. இன்று 2023 டிசம்பர் 26. 17-ஆம் தேதி ஞாயிறு ராத்திரி தாமிரபரணி வெள்ளத்தில் என்ன ஆனது என்று திருநெல்வேலியில் சிந்துபூந்துறையிலோ மீனாட்சிபுரத்திலோ இருக்கிற யாருக்கும் நான் கதை சொல்ல வேண்டியதில்லை. அவரவர் சுவரில் கோடு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. இருட்டில் கயிறு கட்டி எங்களைக் கரையேற்றிய தெருப் பையன்கள், படகைத் தூக்கிக்கொண்டு வந்த கடற்கரை ஊர்க்காரர்கள், அண்டா அண்டாவாகச் சோறு அனுப்பிய மேலப்பாளையத்து மக்கள், வெளி மாவட்டத்தில் இருந்து வந்து எங்கள் சேற்றை அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், ஈரக் கம்பத்தில் ஏறி நின்ற மின்வாரியத்து ஆட்கள். மாடிக்குப் பால் பாக்கெட் எறிந்த தம்பி ஒருவன். அதில் ஒன்று உடைந்து என் தலையில் கொட்டியது, அதற்கும் சேர்த்தே நன்றி. உங்கள் எல்லாரையும் ஒரே பத்தியில் அடைத்துவிட்டேன் என்று வருத்தப்பட வேண்டாம். நீங்கள் செய்தது உயிர்க் காரியம், அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை ஓடவில்லை. சின்னக் காரியம் ஒன்றைப் பற்றித்தான் இப்போதைக்கு எழுத முடிகிறது.

அதற்கு எங்கள் குடும்பத்துச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் 17 பேர். கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு கோயில் விட்டு வந்ததும் 17 பெயரையும் துண்டுத் தாளில் எழுதி, ஆச்சியின் வெண்கலச் சொம்பில் போட்டுக் குலுக்குவோம். யார் பெயர் வருகிறதோ அவருக்குக் கிறிஸ்மஸ் சாயங்காலம் பரிசு கொடுக்க வேண்டும். கடையில் வாங்கக் கூடாது, கையால் செய்ததாக இருக்க வேண்டும். சட்டம் ஆச்சி போட்டது. “கடைச் சாமானைப் பாத்தா கடைக்காரன் மூஞ்சிதாம்ட்டி ஞாபகம் வரும்” என்பாள். உண்மையில் அவள் கணக்கு வேறு. துபாயில் சம்பாதிக்கிற மகனும் டவுனில் கணக்கு எழுதுகிற மகனும் அந்த ஒரு சாயங்காலமாவது ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். இது எனக்குப் புரிய முப்பது வயது ஆயிற்று.

இந்த வருஷம் எனக்கு வந்த சீட்டு அத்தையுடையது. அப்பாவின் அக்கா, பாளையங்கோட்டையில் பெரிய அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நான் தலையணை உறை ஒன்றில் பூ வேலை செய்து, ஓரத்தில் ஆச்சியின் ரேந்தையை, அதாவது அவள் கையால் பின்னிய லேஸை, வைத்துத் தைத்திருந்தேன். ஆச்சி பிறந்தது இடையன்குடி. மிஷனரியாக வந்த கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார் அந்த ஊர்ப் பெண்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த வேலை அது. கெட்டியான தலையணையில் ஊசிகளைக் குத்தி, சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். பாதி நாள் உட்கார்ந்தாலும் விரல் நீளம் தேறாது என்பாள் ஆச்சி. அவள் பின்னியதில் எங்களிடம் மிஞ்சியது ஒன்றரை முழம். அதைத்தான் அந்த உறையில் வைத்திருந்தேன். பீரோவின் கீழ்த்தட்டில்.

20-ஆம் தேதி வெளியே எடுத்தபோது உறை சாக்கு மாதிரி இருந்தது. ரேந்தை எது, சேறு எது என்று தெரியவில்லை. இந்த வருஷம் பரிசெல்லாம் வேண்டாம் என்று அண்ணன் சொன்னான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அத்தை போனைப் பிடுங்கி, “சீட்டு எடுத்தாச்சுல்லா. எடுத்த சீட்டைத் திருப்பிச் சொம்புல போட முடியுமாட்டி?” என்றாள். அவளுக்கு என்ன, மேட்டில் இருக்கிறாள் என்று அப்போது எரிச்சல்தான் வந்தது.

சரி, டெய்லர் அண்ணாச்சி. உங்களுக்கும் எனக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. பட்டு ஜாக்கெட் ஒன்றை இறுக்கமாகத் தைத்துவிட்டீர்கள் என்று கடை வாசலில் நின்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே தெரியும். அன்றையில் இருந்து உங்கள் கடையைத் தாண்ட வேண்டாம் என்று பஸ் ஸ்டாப்புக்கு இரண்டு தெரு சுற்றிப் போகிறேன். 21-ஆம் தேதி சாயங்காலம் வேறு எந்தக் கடையிலும் மிஷின் சத்தம் இல்லை. கரண்ட் இல்லாமல் மிதி மிஷினில் ஓட்டிக்கொண்டிருந்தது நீங்கள் ஒருத்தர்தான். கிறிஸ்மஸ் துணி தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். உங்கள் கடையிலும் கீழ் அலமாரி முழுக்க நனைந்து கிடக்கிறது. நான் ஓரமாக நின்றேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள்.

“என்னம்மா தங்கச்சி, ஜாக்கெட்டா?”

குத்தலாகக் கேட்டீர்களோ, சாதாரணமாகக் கேட்டீர்களோ, இன்றுவரை தெரியாது. ராத்திரி ஒரு மணி நேரம் மிஷினைத் தர முடியுமா என்று கேட்டு, கையில் இருந்த சேற்றுத் துணியைக் காட்டினேன். வாங்கி விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தீர்கள். உறையை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் நகத்தால் நீவினீர்கள். “துணி தேறாது. ரேந்தையை இங்க வச்சிட்டுப் போங்க. நாளைக்கு வாங்க.” அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். உங்கள் வெட்டு மேஜையில் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் ரேந்தையை ஒன்றரை முழமும் நேராக நீட்டி, ஒவ்வொரு வளைவின் நுனியிலும் ஒரு குண்டூசி குத்தியிருந்தீர்கள். வளைவு சுருங்காமல் காய வேண்டும் என்று. எண்ணிப் பார்த்தேன், 52 குண்டூசி. நிறம் பழைய வெள்ளை இல்லை, லேசாகத் தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு. ஆனால் கண்ணி ஒன்றுகூட அறவில்லை. அவசரத்தில் அந்த மேஜை உங்களுக்கு வேண்டியிருந்திருக்கும். நீங்களோ ஸ்டூல் மேல் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தீர்கள்.

“சுடுதண்ணி ஊத்தப்படாது, தேய்க்கப்படாது. பூந்திக்கொட்டைத் தண்ணில ஊறப்போட்டு, தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும், மண்ணு தானா இறங்கும்” என்றீர்கள். நான் தலையாட்டினேன். எந்தத் தண்ணீர் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த இரண்டு ராத்திரியும் உங்கள் மிஷினில்தான் தைத்தேன். தலையணை உறைக்குப் பதிலாக அத்தைக்கு ஒரு பைபிள் பை. துணி முழுக்க உங்கள் கடையின் வெட்டுத் துண்டுகள்: யாருடைய கிறிஸ்மஸ் சட்டையோ, யார் பிள்ளையின் கவுனோ. வேதப்புத்தகமும் பாட்டுப் புத்தகமும் சேர்ந்து நுழைய வேண்டும், அத்தைக்கு விரல் மடங்காது என்பதால் ஜிப் கூடாது. வெல்க்ரோ வைக்கலாமா என்று கேட்டேன். “வேண்டாம்மா, ஜெப நேரத்துல பர்ர்ன்னு சத்தம் கேக்கும். ஐயர் திரும்பிப் பாப்பாரு” என்று சொல்லிக் கோட்டுப் பித்தான் ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். அத்தனை நாளில் நான் சிரித்தது அப்போதுதான். கால் மிதியை விட்டுவிட்டுச் சிரித்தேன்.

24-ஆம் தேதி பை முடிந்தது. காசை நீட்டினேன், நீங்கள் வாங்கவில்லை. நீங்கள் டீ குடிக்கப் போன நேரம் காஜா போடுகிற பையன்தான் போட்டு உடைத்தான். “அக்கா, அன்னைக்கு அண்ணாச்சி வீட்டுக்குத் தண்ணி கொண்டு போகல. முக்கா கேன் இந்த ஓரத்துக்கே போச்சு. வீட்டுல ஏச்சு.”

20 லிட்டர் கேன். அந்த வாரம் அதற்கு என்ன மதிப்பு என்று ஊருக்கே தெரியும். குழாய் வரவில்லை, ஆறு எங்கள் வாசல்வரை வந்துவிட்டுப் போயிருக்கிறது, குடிக்க ஒரு சொட்டு இல்லை. தண்ணி லாரிக்கு மூன்று மணி நேரம் நின்று இரண்டு குடம் பிடித்துவந்தேன் நான். அந்தக் குடத்தில் இருந்து யார் வீட்டு ரேந்தைக்காவது ஒரு செம்பு ஊற்றியிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். மாட்டேன். அதுவும் நடுத்தெருவில் என்னை ஏசினவளுக்கு, நிச்சயமாக மாட்டேன். படகு வந்தபோது அழாதவள் காஜா பையன் முன்னால் அழுதேன். அவன் பயந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

நேற்று அதிகாலை ஊசிக்கோபுரக் கோயிலில் ஆராதனை. சாயங்காலம் அண்ணன் வீட்டில் பரிசு. மதினி வீட்டில் தண்ணீர் ஏறவில்லை, அதனால் வழக்கம்போல முந்திரிக்கொத்து. யார் சீட்டு வந்தாலும் அவளிடம் முந்திரிக்கொத்துதான். சின்னவன் பத்துச் சீட்டு எழுதிக் கொடுத்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை கால் அமுக்கிவிடுவானாம். அத்தை பையை வாங்கி, முன்னால் பார்க்காமல் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றது. “இங்க ஒரு கண்ணி தப்பியிருக்கும். நான்தான் கைய ஆட்டிவிட்டேன், அம்மை முதுகுல ஒண்ணு வச்சா” என்றாள். அப்புறம் பையை மடியை விட்டு இறக்கவில்லை.

அண்ணாச்சி, இரண்டு காரியம். அந்த ஜாக்கெட் தப்பு என்னுடையது. கல்யாணத்துக்கு முன் போட்ட பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்துவிட்டு உங்களை ஏசினேன். அன்றைக்கே எனக்குத் தெரியும். வாசலில் நின்று சொன்னதை வாசலில் நின்றே திருப்பி எடுத்துக்கொள்ள வருவேன். வரும்போது நேர் தெருவிலேயே வருவேன்.

அடுத்தது, வருகிற அட்வெந்துக்குச் சொம்பில் 18 சீட்டு போடலாம் என்று வீட்டில் பேச்சு. டெய்லர் தைத்துக் கொடுத்தால் அது கைவேலையா தொழிலா என்று அத்தான் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறார். அதை அத்தை பார்த்துக்கொள்வாள்.

தம்பியிடம் ஒரு கேன் தண்ணீர் கொடுத்து உங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். கடைக்கு அல்ல, வீட்டுக்கு. மதினியிடம் நேரில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.