பஜ்ஜி மிளகாய் பாக்கெட்டில் பூத் ஜோலோக்கியா: விதைத் தொகுப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
வீட்டுத்தோட்ட வாடிக்கையாளர்கள் ஐவர்,
திருவொற்றியூர், எர்ணாவூர், தண்டையார்பேட்டை,
வடசென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
விதை மற்றும் தோட்டப் பொருள் விற்பனைப் பிரிவு.

பொருள்: பன்னிரண்டு ரக மிளகாய் விதைத் தொகுப்பில் பாக்கெட் மாறியது, கலப்பு விதை, முளைப்புக் குறைவு, உப்பு மிகுந்த கோகோபீட் (தென்னை நார்த் தூள்) – லாட்டைத் திரும்பப் பெறக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் இணையக் கடையில் நாங்கள் ஐந்து வீட்டார் ஆளுக்கொன்றாக வாங்கிய பன்னிரண்டு ரக மிளகாய் விதைத் தொகுப்பைப் பற்றியது இந்தக் கடிதம். ஐந்து தொகுப்பிலும் லாட் எண் ஒன்றே. ஒவ்வொன்றிலும் 12 பாக்கெட், பாக்கெட்டுக்கு 10 விதை. ரொகோட்டோ பாக்கெட் தவிர மற்றவற்றில் மாதிரிக்கென்று பாக்கெட்டுக்கு 2 விதையை ஒதுக்கிவிட்டு மீதியை ஆடிப் பட்டத்தில் குழித்தட்டில் போட்டோம். இப்போது தை பிறந்து காய் பழுத்துவிட்டது. எந்தச் செடி என்ன ரகம் என்பதில் இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறோம். 'பஜ்ஜி மிளகாய்' என்று அச்சிட்ட பாக்கெட்டில் இருந்தது பூத் ஜோலோக்கியா. 'பூத் ஜோலோக்கியா' பாக்கெட்டில் இருந்தது பஜ்ஜி மிளகாய். ஐந்து வீட்டிலும் இதே கதை. இந்த லாட்டை இன்னும் எத்தனை பேர் வாங்கினார்களோ, அவர்களில் யாராவது அந்தக் காயைப் பறித்து, கீறி, கடலை மாவில் தோய்த்து எண்ணெயில் போடுவதற்குள் தகவல் போய்ச் சேர வேண்டும். 2007இல் கின்னஸில் பதிவான பூத் ஜோலோக்கியாவின் காரம் 10,01,304 ஸ்கோவில் (மிளகாய்க் காரத்தை அளக்கும் அலகு). ஹலபேனோ மிளகாயே 2,500 முதல் 8,000 வரைதான். பஜ்ஜி மிளகாய் அதற்கும் கீழே. பழுக்காத பூத் ஜோலோக்கியா வெளிர்பச்சையாக இருக்கும், விவரம் தெரியாதவர் கண்ணுக்குக் குட்டையான பஜ்ஜி மிளகாய் என்றே படும். சூடான எண்ணெயில் விழுந்தால் கிளம்பும் நெடி ஒன்றே போதும், வீட்டில் இருக்கிற குழந்தையும் பெரியவரும் மூச்சுத் திணறுவதற்கு.

இதை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லவில்லை. பூவிலேயே தெரிந்துவிட்டது. பூத் ஜோலோக்கியா கேப்சிகம் சைனென்ஸ் இனத்தைச் சேர்ந்தது. பஜ்ஜி மிளகாய், முண்டு, சம்பா எல்லாம் கேப்சிகம் ஆன்னுவம். ஆன்னுவத்தில் பெரும்பாலும் கணுவுக்கு ஒரு பூ, இதழ் பால் வெள்ளை. சைனென்ஸில் ஒரே கணுவில் இரண்டு, மூன்று பூ கொத்தாகத் தொங்கும், இதழில் பச்சை கலந்திருக்கும், இலை அகன்று சுருக்கம் சுருக்கமாக இருக்கும். இதற்கும் மேலான அடையாளம் காம்பு. காம்பு காயோடு சேரும் இடத்தில் உள்ள பச்சைத் தொப்பியைப் பாருங்கள். சைனென்ஸ் என்றால் காம்பும் தொப்பியும் சந்திக்கும் இடத்தில் நூல் கட்டி இறுக்கியது மாதிரி ஒரு வளையம் தெரியும். ஆன்னுவத்தில் அந்த இறுக்கம் இருக்காது. உங்கள் 'பஜ்ஜி' செடிகளின் காய் ஒவ்வொன்றிலும் அந்த வளையம் இருக்கிறது, தோல் மேடும் பள்ளமுமாகச் சொரசொரக்கிறது. உங்கள் 'பூத் ஜோலோக்கியா' செடிகளில் கணுவுக்கு ஒரு வெள்ளைப் பூ, வழுவழுவென்று விரல் நீளக் காய், காரம் பெயருக்குத்தான். முளைப்பிலேயே ஒரு சாடை காட்டியது: பூத் ஜோலோக்கியா என்று போட்டது எட்டாம் நாள் தலைகாட்டியது, பஜ்ஜி என்று போட்டது மூன்று வாரம் எடுத்தது. சைனென்ஸ் விதை இரண்டு முதல் நான்கு வாரம் எடுப்பது வழக்கம். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்றுதான் பூ வரும் வரை காத்திருந்தோம்.

பூ நிலையில் படத்தோடு எழுதியபோது தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து வந்த பதில், "பல ரகங்களை அருகருகே வளர்த்ததால் அயல் மகரந்தம் கலந்து காயின் குணம் மாறிவிட்டது, விதையில் குறையில்லை" என்பது. கூடவே அடுத்த வாங்கலுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். இந்தப் பதிலால்தான் இது புகாராக ஆனது. விதை மாறுவது எங்கும் நடக்கக்கூடியது. பழியைத் தோட்டத்தின் தலையில் கட்டுவதை ஏற்க முடியாது, அதுவும் தாவரவியலுக்கே பொருந்தாத காரணத்தைச் சொல்லி.

மிளகாயின் சதை, தோல், உள்ளே காரம் ஊறும் வெள்ளைத் தண்டு, எல்லாமே தாய்ச்செடியின் உடம்பு. பக்கத்துச் செடியின் மகரந்தம் வந்து விழுந்தாலும் இந்த வருடக் காய் மாறாது. மாறுவது காய்க்குள் இருக்கும் விதை மட்டும். அந்த விதையை எடுத்து அடுத்த பட்டத்தில் முளைக்கப் போட்டால்தான் கலப்பு தெரியும். மல்கோவா மரத்தில் வேறு மாமரத்தின் மகரந்தம் விழுந்தாலும் பழம் மல்கோவாதான், கொட்டையை நட்டால்தான் வேறு மரம். மக்காச்சோளத்தில் மட்டும் வேறு மாதிரி, அங்கே நாம் தின்பதே விதை, அதனால் அப்பன் நிறம் அந்தக் கதிரிலேயே தெரியும். சோளத்துக்கான பதிலை மிளகாய்க்கு யாரோ நகலெடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. அதையும் தாண்டி, பக்கத்துச் செடியின் மகரந்தம் ஒரு செடியின் இலையையும் கணுவுக்கு எத்தனை பூ என்பதையும் எப்படி மாற்றும்? பூ விரிவதற்கு முன்பே இலை வந்துவிட்டதே.

தண்ணீர், வெயில், உரம் இவற்றால் காரம் கூடிக் குறையும் என்பது உண்மை. நிறையத் தண்ணீர் விட்ட செடியில் காரம் கொஞ்சம் மட்டுப்படும். அதற்காகப் பூத் ஜோலோக்கியா பஜ்ஜி மிளகாய் ஆகாது. இலைப்பேன் வந்தால் இலை மேல்நோக்கிச் சுருளும், மஞ்சள் சிலந்திப்பேன் வந்தால் கீழ்நோக்கி மடங்கி இலைக்காம்பு நீளும். அவையும் ரகத்தை மாற்றுவதில்லை. அடுத்த பதிலுக்கு இவை காரணமாக வரலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

ஆக, இது தோட்டத்தில் நடந்த கலப்பு அல்ல, வயலில் நடந்த கலப்பும் அல்ல. ஐந்து தொகுப்பிலும் ஒரே ஜோடி ஒரே மாதிரி இடம் மாறியிருப்பதால், பாக்கெட் நிரப்பும் மேசையில் லேபிள் சுருள் இரண்டு இடம் மாறியிருக்க வேண்டும். உங்கள் பாக்கிங் பதிவைப் புரட்டினால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கடுங்கார ரகமான கரோலினா ரீப்பரில் நடந்தது வேறு. ஐந்து வீட்டிலுமாக 22 செடி காய்த்தது. 9 செடியில் மட்டும் தேள் கொடுக்கு போல வால், கரடுமுரடான சிவப்புக் காய். 7 செடியில் வாலில்லாத உருண்டைக் காய். மீதி 6இல் நீளமாக, வழுவழுப்பாக. எல்லாச் செடியும் ஒன்றுபோல் தவறாக வந்திருந்தால் பாக்கெட் மாறியது என்று விட்டுவிடலாம். செடிக்குச் செடி வேறாக வந்தால் திறந்த வெளியில் தேனீயும் எறும்பும் புகுந்த காயிலிருந்தோ, ஏற்கெனவே கலந்த செடியிலிருந்தோ விதை எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். சான்று விதை உற்பத்தியில் மிளகாயில் ஆதார விதைக்கு (சான்று விதையைப் பெருக்க எடுக்கும் மூல விதை) 400 மீட்டர், சான்று விதைக்கு 200 மீட்டர் என்று வேறு ரகத்திலிருந்து தனிமைத் தூரம் வைக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு: மொட்டு வெளுத்து விரிவதற்கு முந்தைய நாளே மெல்லிய வலைப்பை மாட்டி, தினமும் காலையில் கிளையைச் சுண்டிவிட்டு, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துக் காம்பில் நிற நூல் கட்டிவிட்டால் போதும். மாடியில் இருபது தொட்டி வைத்திருப்பவர்களே விதைக்கு எடுக்கும் காயில் இதைச் செய்கிறார்கள். 'அசல் விதை' என்று அச்சிட்டு விற்பவர் செய்யாமல் விடலாமா?

ரொகோட்டோ பாக்கெட்டை நாங்கள் விதைக்கவே இல்லை. ரொகோட்டோவின் விதை கறுப்பு. மிளகாய் இனங்களில் அதை விதையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஐந்து பாக்கெட்டிலும் இருந்தது வைக்கோல் நிற விதை. 50 விதையும் அப்படியே இருக்கிறது. தவிர, அது ஆண்டிஸ் மலைக் குளிருக்குப் பழகிய செடி. அதன் பாக்கெட்டில் 'சென்னை மாடித் தோட்டத்துக்கு ஏற்றது' என்று எழுதியவர் ஒரு சித்திரை மாதத்தை எங்கள் மொட்டை மாடியில் கழித்துப் பார்க்கலாம்.

காந்தாரி மிளகாயில் காய் வானம் பார்த்து நிற்க வேண்டும், நீங்கள் கொடுத்தது தலை கவிழ்ந்து தொங்குகிறது.

ஆரஞ்சு ஹபனேரோ: 40 விதை போட்டு 35 நாள் காத்திருந்ததில் முளைத்தது 7. பாக்கெட்டில் 'முளைப்பு 85%' என்று போட்டிருக்கிறீர்கள், அந்தக் கணக்கில் 34 வந்திருக்க வேண்டும். இது சான்று விதை அல்ல என்பது தெரியும். ஆனால் சான்று மிளகாய் விதைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே 60 சதவீதம், அதன்படியும் 24 வர வேண்டும். குழித்தட்டையோ தண்ணீரையோ குறை சொல்ல முடியாதபடி அதே தட்டில் அடுத்த வரிசையில் போட்ட ராமநாதபுரம் முண்டு 40க்கு 36 முளைத்தது. லேபிளில் பரிசோதனை தேதியும் இல்லை. தேதி இல்லாத 85% எந்த வருடத்து 85%?

முண்டு, சம்பா, பியாட்கி, ஹலபேனோ நான்கும் சரியாக, செடிக்குச் செடி ஒரே சீராக வந்தன. அந்த விதையை எடுத்தவர் யாரோ அவரையே மற்றதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தொகுப்போடு வந்த 5 கிலோ கோகோபீட் கட்டி பற்றி ஒரு வார்த்தை. மேலுறையில் 'கழுவியது, உப்பு குறைந்தது' என்று இருக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 40 காட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் வந்த சாறு 1,900 காட்டியது. நாற்றுக்கு அதைப் பயன்படுத்தவில்லை, இல்லையென்றால் முளைப்புக் கணக்கே கெட்டிருக்கும். நான்கு தடவை கழுவிய பிறகுதான் 400க்கு இறங்கியது. ஒவ்வொரு கழுவலுக்கும் 25 லிட்டர், ஆக 100 லிட்டர். இந்தப் பக்கம் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பை எடுத்து உப்பை ஏற்றுவதுதான். மெட்ரோ வாட்டர்தான் வேண்டும், குடத்தில் எண்ணினால் ஏழு குடம். தண்ணீர் லாரிக்கு வரிசையில் குடம் வைக்கும் தெருவில் ஏழு குடம் என்பது என்னவென்று உங்கள் கிடங்கில் தெரிய வாய்ப்பில்லை. கழுவினால் போவது மேலாக ஒட்டிய உப்பு மட்டும். நாரோடு பிடித்திருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெளியேற, 25 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஒரு ராத்திரி ஊறவைத்து மறுபடி அலச வேண்டியிருந்தது. அதைச் செய்யாமல் விட்டால் செடிக்குப் போடும் கால்சியத்தை நார் பிடித்துக்கொள்ளும், காயின் நுனி கறுத்து அழுகும்.

வளர்ப்புக் குறிப்புத் தாளையும் திருத்த வேண்டும். சைனென்ஸ் ரகங்களை ஏப்ரலில் விதைக்கச் சொல்கிறீர்கள். சென்னையின் இரவுப் புழுக்கத்தில் அவை பூவைக் கொட்டிவிடும், ஆடியில் போட்டு மார்கழி, தையில் காய் எடுப்பதே இங்கே சரி. ஆறு அங்குலத் தொட்டி போதும் என்கிறீர்கள், 15 லிட்டர் மண் கொள்ளாத பையில் இந்த ரகங்கள் பெயருக்குத்தான் காய்க்கும். இவற்றைவிட மோசம், நனையும் கந்தகத்தையும் வேப்பெண்ணெயையும் ஒரே நாளில் தெளிக்கச் சொல்லியிருப்பது. அப்படித் தெளித்தால் இலை கருகிவிடும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம் வேண்டும், உச்சி வெயில் காலத்தில் கந்தகமே கூடாது.

எங்கள் கோரிக்கை இவை. இந்த லாட்டில் தொகுப்பு வாங்கிய ஒவ்வொருவருக்கும் பஜ்ஜி மிளகாய் பாக்கெட் பற்றிக் குறுஞ்செய்தியும் தொலைபேசி அழைப்பும் மூன்று நாளுக்குள் போக வேண்டும். மின்னஞ்சல் போதாது, பலர் அதைத் திறப்பதில்லை. விற்காமல் இருக்கும் பாக்கெட்டுகளைக் கடைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். 'மகரந்தம் கலந்தது' என்ற பதிலை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும், எங்களுக்கு மட்டுமல்ல, இதே பதிலை வேறு யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கும். ஐந்து தொகுப்புக்கும் கோகோபீட்டுக்கும் முழுப் பணம் வந்த கணக்குக்கே திரும்ப வேண்டும். கூப்பன் வேண்டாம். மாற்று விதையும் இப்போது வேண்டாம். தையில் கொடுக்கும் விதைக்கு ஆடி வரை வேலையில்லை, போன பட்டத்தை எந்த விதையும் திருப்பித் தராது.

15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்து, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்போம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மனுவுக்குக் கட்டணம் கிடையாது. குறையுள்ள விதைக்கு நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்பதை 2012இல் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கிவிட்டது. லாட் எண்ணோடு பாக்கெட் மாதிரிகளை விதை ஆய்வாளரிடமும் ஒப்படைப்போம்.

பரிசோதனைக்கு ஆள் அனுப்புவதானால் வரட்டும். செடிகளைப் பிடுங்கவில்லை, ஒவ்வொன்றிலும் பாக்கெட் பெயரை எழுதி அட்டை கட்டியிருக்கிறது. 'பஜ்ஜி' என்ற அட்டை தொங்கும் செடியைத் தொடுவதற்கு முன் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்கள் ஐவர்

இணைப்பு: ஐந்து ரசீது நகல், பாக்கெட் முன்பின் படங்கள், பூ, காம்பு வளையம், காய்க் குறுக்குவெட்டுப் படங்கள், குழித்தட்டு முளைப்புக் குறிப்பு, டிடிஎஸ் அளவுப் படங்கள், தங்கள் மின்னஞ்சல் பதில் நகல்.