வானியல் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை: மென்பொருளில் வழிகாட்டிக் கமராப் படங்கள்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். மாரியில் வன்னி வானம் முகிலுக்குள் கிடக்கும் என்பதால், தொலைநோக்கி வழிகாட்டலை மேசையிலேயே பழகுவதற்கான மென்பொருள் வேலைதான் இவ்வாண்டின் முதன்மைப் பணி. வழிகாட்டிக் கமரா ஒரு நட்சத்திரத்தைத் தொடர்ந்து படமெடுக்கும்; அது நகர்ந்தால் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டுக்குத் திருத்தம் போகும். அந்தக் கமராவின் படங்களை வானமில்லாமலே செய்துகாட்டுவதுதான் இந்த வேலை.

வழிகாட்டலுக்குப் பயன்படும் பிஎச்டி2 மென்பொருளிலேயே அப்படிப் பாவனை செய்யும் சிமுலேட்டர் இருக்கிறது. புதியவர்கள் அதில் தொடங்கினால் போதும். உள்ளே நடப்பது விளங்க வேண்டுமென்றால் பைதன் நிரல்மொழியில் படங்களைச் சொந்தமாக உருவாக்கும் நிரலை எழுதுவதே நல்லது.

முதலில் அளவுத்திட்டம், அதாவது ஒரு பிக்சல் வானில் எவ்வளவு கோணத்தைக் காட்டும் என்பது. குவியத்தூரம் 120 மி.மீ., பிக்சல் 3.75 மைக்ரோன் என்றால், 206.265 × 3.75 ÷ 120, அதாவது பிக்சலுக்கு 6.45 வில்செக்கன் (ஒரு வில்செக்கன் பாகையின் 3600 இல் ஒரு பங்கு). மவுண்டைத் திருப்பும் புழுச்சக்கரத்துக்கு 135 பல் இருந்தால், அதை ஓட்டும் திருகுபோன்ற புழு ஒருமுறை சுற்ற 638 செக்கன் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்ப வரும் அதன் ஆவர்த்தன வழு உச்சத்துக்கு உச்சம் 20 வில்செக்கன் என்று வைத்தாலும் படத்தில் நகர்வு மூன்று பிக்சல்தான். ஆகவே நட்சத்திரத்தை முழுப் பிக்சலில் நட்டால் வழிகாட்டல் வழுவின் வரைபு ஏணிப்படிபோல் துள்ளும். நட்சத்திரத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் மணிவடிவக் கவுசியன் வளைவின் ஒளியை ஒவ்வொரு பிக்சலின் பரப்புக்கும் தொகையிட்டு வரைய வேண்டும்; பிக்சலின் நடுப்புள்ளிப் பெறுமானத்தை மட்டும் எடுத்தால் சிறிய நட்சத்திரங்களின் மையம் பிசகும். அந்த வளைவின் பாதி உயரத்திலுள்ள அகலம் (அரைஉயர அகலம்) 2.5 பிக்சல் என்றால், அதன் பரவலளவான சிக்மா 1.06 பிக்சல்.

இரைச்சல் சேர்க்கும் ஒழுங்கு முக்கியம். நட்சத்திர ஒளியையும் வானப் பின்னணியையும் கூட்டிப் பொய்சன் இரைச்சல் (ஒளித்துகள் எண்ணிக்கையின் இயல்பான ஏற்றத்தாழ்வு), பிறகு வாசிப்பு இரைச்சல் (கமராவின் மின்சுற்றால் வருவது), பிறகு பெருக்கம், ஓஃப்செட் (எல்லாப் பிக்சலுக்கும் கூட்டும் நிலையான எண்), கடைசியில் 12 பிட்டின் உச்ச எண்ணான 4095 இல் வெட்டு. ஓஃப்செட்டை விட்டால் எதிர்ப்பெறுமானங்கள் பூச்சியமாக வெட்டுப்பட்டுப் பின்னணிச் சராசரி பொய்யாக ஏறும். ஒளி விழாமலே பிரகாசமாகத் தெரியும் சூடான பிக்சல்கள் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். இடம் மாறினால், மூடியிட்டு எடுக்கும் இருட்படத்தைக் கழித்துப் பழக முடியாது. மாறாதபோது, நட்சத்திரத்தைத் தானாகத் தெரிவு செய்யும் கட்டளை சிலவேளை சூடான பிக்சலையே நட்சத்திரமென்று பிடிக்கும். மவுண்டை அசைத்து நகர்வை அளக்கும் அளவுத்திருத்தத்தில் மென்பொருள் "நட்சத்திரம் நகரவில்லை" என்று நிற்கும். வெளியிலும் அப்படித்தான் நடக்கும், ஆகவே அந்தக் குறையை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்.

காற்றுக் கலக்கத்தைத் தனியே சோதிப்பது நல்ல பாடம். மற்ற வழுக்களைப் பூச்சியமாக்கி, ஒவ்வொரு படத்துக்கும் தொடர்பில்லாத எழுமாற்று நகர்வு மட்டும் கொடுத்து, அளந்த வழு முழுவதையும் திருத்தினால், வரைபின் வழு திருத்தாமல் விட்டதைவிட 41 சதவீதம் கூடும். பாதியளவு திருத்தினால் 15 சதவீதம்தான் கூடும். கலக்கத்தைத் துரத்தக்கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒப்பிடும் ஓட்டங்களில் எழுமாற்று எண்களைத் தொடக்கிவிடும் விதை எண் ஒன்றாகவே இருக்கட்டும்; அப்போதுதான் இரண்டிலும் அதே கலக்கம் வரும்.

கிளிநொச்சியின் அகலாங்கு 9.4 பாகை என்பதால் துருவ நட்சத்திரம் பனைமரத்துக்குள் மறையும் உயரத்தில் நிற்கிறது. ஒளிமுறிவு அதை ஏறக்குறைய 6 வில்நிமிடம் தூக்கிக் காட்டும். பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டிய மவுண்டின் துருவ அச்சு 5 வில்நிமிடம் பிசகினால், நடுவரை விலக்கத்தில் (வடக்குத் தெற்காக) நிமிடத்துக்கு 1.3 வில்செக்கன் வரை ஒழுக்கு வரும். அதையும், திசை மாறும்போது பல்லிடைவெளியால் சில திருத்தத் துடிப்புகள் வீணாவதையும் சேர்த்தாயிற்று. நடுவரை விலக்கம் 60 பாகையில் வல ஏற்ற (கிழக்கு மேற்கு) நகர்வு பாதியாகும் கோசைன் கணக்கு மட்டும் மிச்சம்.

அது முடிந்ததும் படங்களை வானியலில் வழங்கும் ஃபிட்ஸ் வடிவக் கோப்புகளாக எழுதி, கையா விண்கலத்தின் அட்டவணையிலுள்ள உண்மையான நட்சத்திரங்களை இடுவதற்குப் புதிய நிர்வாக சபையின் அனுமதியைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்