தவக்காலம் சோர்ந்து போனவங்களுக்கும் தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈஸ்டருக்கு முன்னாடி நோன்பும் ஜெபமுமா இருக்கற தவக்காலம் வந்தாலே வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பேச்சு, இந்த வருஷம் நீ என்ன விடப் போற, கறியா டீயா பேஸ்புக்கா? விடுறது நல்லதுதான், வேணாம்னு சொல்லல, ஆனா இதையே பேசிப் பேசி தவக்காலம்னா மூஞ்ச தொங்கப் போட்டுக்கிட்டு உடம்ப வருத்திக்கிற 40 நாளுன்னு புள்ளைங்க மனசுல பதிஞ்சிருச்சி. வேலை போனவங்க, வீட்ல சாவு விழுந்தவங்க, "எனக்கு இருக்கற கஷ்டம் பத்தாதா, இதுல தவம் வேறயா"ன்னு கோயில் பக்கமே வராம ஒதுங்கிடுறாங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

தவக்காலம் ஆரம்பிக்கிற விபூதி புதன் அன்னிக்கு வாசிக்கிற நற்செய்தியவே பாருங்க, நோன்பு இருக்கறப்போ முகத்த வாட்டமா வச்சிக்காதீங்க, தலைக்கு எண்ணெய் தேச்சி முகம் கழுவிக்கிட்டு இருங்கன்னு ஏசு சொல்றாரு. விபூதி புதன்லேந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரைக்கும் எண்ணினா 46 நாள் வரும், நடுவுல வர்ற ஆறு ஞாயித்துக்கிழமைய கணக்குல சேக்காததாலதான் 40. தவக்காலத்துல பீடத்துக்கு பூ வைக்கிறதில்ல, ஆனா நாலாவது ஞாயிறு மட்டும் வைக்கலாம். மூச்சு விட எடம் வச்சேதான் திருச்சபை இந்த நாளுங்கள அமைச்சிருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பைபிள்ல வர்ற இறைவாக்கினர் எலியாவோட கதை. அவரும் 40 நாள் நடந்தவருதான், ஆனா நடக்கறதுக்கு முன்னாடி அவரு இருந்த நெலமைய நாம யாரும் பேசறதில்ல. உயிருக்கு பயந்து பாலைவனத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடி கீழ உக்காந்து, போதும் ஆண்டவரே என் உயிர எடுத்துக்கோன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு. அப்போ வந்த வானதூதர் திட்டல, இவ்ளோ பெரிய இறைவாக்கினர் இப்படிப் பேசலாமான்னு கேக்கல, தட்டி எழுப்பி சாப்பிடுன்னாரு. அப்பமும் தண்ணியும் இருந்துச்சி. சாப்பிட்டுட்டு திரும்பவும் படுத்துட்டாரு, அதுக்கும் ஒன்னும் சொல்லாம விட்டுட்டு ரெண்டாவது தடவையும் வந்து, எழுந்து சாப்பிடு, நீ ரொம்ப தூரம் போகணும்னு சொன்னாரு. ஓரேபு மலைக்கு நடந்த 40 நாளும் அந்தச் சாப்பாட்டு பலத்துலதான். மொதல்ல தூக்கமும் சாப்பாடும், பெறகுதான் நடை. சோர்ந்து போனவங்க கிட்ட நாம இந்த வரிசையிலயா நடந்துக்கிறோம்?

எங்கம்மா தவறின வருஷம் எனக்கு ஜெபம் பண்ண ஒரு வார்த்தையும் வரல. அப்போ கை குடுத்தது வெள்ளிக்கிழமை சாயந்தரம் தமிழ்ல நடக்கற சிலுவைப் பாதைதான், ஏசு சிலுவைய சுமந்து போன பாடுகள 14 நிலையா நினைச்சி ஜெபிக்கிறது. சொந்தமா எதையும் யோசிக்க வேணாம், எல்லாரோடயும் எழுந்து நின்னு, முட்டி போட்டு, 14 நிலையும் சேந்து நடந்தா போதும். ஆண்டவரே மூனு தடவ விழுறாரு, மூனாவது, ஏழாவது, ஒம்பதாவது நிலையில. சிலுவைய தூக்க ஒரு சீமோன் வேண்டியிருந்துச்சி, முகம் தொடைக்க ஒரு வெரோனிக்கா வேண்டியிருந்துச்சி. அவருக்கே ஆள் தேவப்பட்டுச்சின்னா எனக்குத் தேவப்படறதுல என்ன வெக்கம்னு அங்கதான் மனசு லேசாச்சி.

நம்ம பினாங்குல இருக்கற புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு ஜூலை திருவிழாவுல கூட்டம் கூட்டமா போறோம், அந்த மலையில சிலுவைப் பாதை இருக்கு, தவக்காலத்துல ஒரு காலையில போய் நடந்து பாருங்க, அந்த அமைதியே வேற. இந்த 2026ல பிப்ரவரி 18 விபூதி புதன், ரமலானும் அதே வாரத்துல, அதனால வேலை எடத்துல மலாய்க்கார கூட்டாளிங்களோட சேந்து நோன்பு இருக்கறதும் தனி சந்தோஷம்தான்.

கோயிலுக்குத் தவறாம போறவங்க கிட்ட ஒன்னு கேக்குறேன். நீங்க இருக்கற ஃப்ளாட்ல நடக்க முடியாத பாட்டிங்க, ரொம்ப நாளா பூசைக்கு வராதவங்க யாராச்சும் இருப்பாங்க. ஏன் வரலன்னு கேக்காதீங்க, சாப்பாடு கொண்டு போங்க, வெள்ளிக்கிழமை கார்ல எடம் இருக்குன்னு சொல்லுங்க. ஈஸ்டருக்கு முன்னாடி பக்கத்துப் பங்கு ஃபாதருங்களும் வந்து பாவசங்கீர்த்தனம் (பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்கறது) கேப்பாங்க, அந்தத் தேதியையும் சொல்லி வைங்க. பெரிய வெள்ளி ஏப்ரல் 3, சபா சரவாக் மாதிரி நமக்கு இங்க பொது விடுமுறை கெடையாது, லீவு இப்பவே போட்டுடுங்க.

இப்படிக்கு,
வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு