செவ்வாய்க்கிழமை வரை

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய வரைபடத்தைத் தெப்பக்குளத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நீ படகில் போகப்போகிற அந்தக் கனடாவின் அல்கான்குவின் காடு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் என்று படித்தேன். நம் மதுரை மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு. 1893-லேயே அதைக் காப்புக்காடாக எழுதி வைத்துவிட்டார்களாம். இங்கே பெரியாறு அணையே அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் முடிந்தது. உன் அம்மா வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை ஏரி இருக்கு, ஒரு ஊரைக்கூடக் காணோமே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போகாதே என்று சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீ போவாய். வைகை அணையில் இருபத்தாறு வருஷம் லஸ்கராக இருந்தவன் தன் மகளைத் தண்ணீருக்குப் போகாதே என்று எந்த வாயால் சொல்வது? நாலு ராத்திரி, தனி ஆள், ஒரு படகு. சரி.

படகைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இரண்டு பேர் உட்கார வேண்டிய படகில் ஒருத்தர் மட்டும் பின்னால் உட்கார்ந்தால் முன்மூக்கு தூக்கிக்கொள்ளும், காற்று அதைப் பிடித்துத் திருப்பிவிடும், அதனால் நடுவில் மண்டி போட்டு, மூட்டையை முன்னால் வைத்து ஓட்டவேண்டும் என்று எழுதியிருந்தாய். நம் பரிசலுக்கு அந்தக் கவலை கிடையாது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் துடுப்பை ஒரு தடவை தப்பாகப் போட்டால் ராட்டினம்தான். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் படகைக் கவிழ்த்துத் தோளில் சுமந்துகொண்டு காட்டுப்பாதையில் நடப்பது மட்டும் எனக்குப் புதிது. இருபது கிலோ என்றாய். ஒரே நடையில் தூக்காதே. முதலில் மூட்டை, திரும்பி வந்து படகு. நேரம் போனால் போகட்டும். முதல் நடையில் பாதையில் எங்கே வேர் இருக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று கண் பழகிவிடும்.

சாப்பாடு விஷயத்தில் உன் அம்மா எழுதச் சொன்னது: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த அவல், சுக்குப் பொடி எல்லாம் பார்சலில் வருகிறது. டின்னும் பாட்டிலும் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று நீ சொன்னதால் எல்லாவற்றையும் பையில் கட்டியிருக்கிறாள். ராத்திரி சாப்பாட்டு மூட்டையைக் கயிற்றில் கட்டி, கூடாரத்துக்குத் தள்ளி மரக்கிளையில் தொங்கவிட வேண்டும் என்றதும், "அட, உறி!" என்று சிரித்தாள். உன் ஆச்சி பூனைக்குப் பயந்து உறி கட்டினாள், நீ கரடிக்குப் பயந்து கட்டுகிறாய். நாலு மீட்டர் உயரம், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. பற்பசையும் சோப்பும்கூட அதே மூட்டையில் போகட்டும். புளிக்காய்ச்சல் வாசம் கரடிக்குப் பிடிக்குமா என்று தெரியாது, மூஸ் என்கிற அந்தப் பெரிய மானுக்குப் பிடிக்குமா என்றும் தெரியாது. சோதித்துப் பார்க்க வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் போதும், பெரியவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை என்று நீதான் சொன்னாய். அது அந்த ஊர்ச் சட்டம். இது அப்பா சொல்வது: போட்டுக்கொள். வைகைத் தண்ணீரில் விழுந்தால் வெந்நீரில் விழுந்த மாதிரி. உன் ஏரியில் செப்டம்பர் கடைசியில் அப்படி இருக்காது. 15 டிகிரிக்குக் கீழே போய்விட்டால், விழுந்தவுடன் மூச்சு தானாக இரைக்குமாம். அந்த முதல் நிமிஷத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்து என்ன புண்ணியம்? மூச்சு அடங்கிய பிறகு கை கால் சொன்னபடி கேட்பது ஒரு பத்து நிமிஷம்தானாம். அதற்குப் பிறகு ஜாக்கெட்டைத் தேடி மாட்ட முடியாது.

டாம் தாம்சன் என்ற ஓவியர் கதையையும் படித்துத் தொலைத்தேன். அந்தக் காட்டை அப்படி வரைந்தவர். 1917 ஜூலையில் கனூ லேக்கில் தனியாகப் படகில் கிளம்பினார். முதலில் படகுதான் கிடைத்தது, எட்டு நாள் கழித்து உடல். என்ன நடந்தது என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். உன் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

அவளிடம் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது.

உனக்கு அப்போது மூன்று வயசு. ஆடி மாதம். நீ காய்ச்சலில் கிடந்தாய். எனக்கு அக்கரையில் வேலை. கூட வருகிறவர் அன்றைக்கு வராததால் காலையில் நானே பரிசலை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அஞ்சு மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பத்து மணிக்கு மேல் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து காற்று கிளம்பிவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பரிசல் எம்மாத்திரம்? கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "சார், காத்து விழட்டும், பொழுது சாய்ஞ்சு போங்க" என்றார். எனக்கு அந்த அஞ்சு மணிதான் மண்டையில் ஓடியது. மூன்றரைக்குத் தள்ளிவிட்டேன்.

பாதி தூரம்கூட வரவில்லை. பரிசல் சுற்ற ஆரம்பித்தது. அலை விளிம்புக்கு மேல் ஏறி உள்ளே விழுந்தது. ஒரு கையில் துடுப்பு, இன்னொரு கையில் தூக்குவாளி. மொண்டு மொண்டு ஊற்றினேன். எந்தக் கரைக்குப் போகிறேன் என்பதே போய்விட்டது, காற்று விட்ட இடத்தில் ஒதுங்கினால் போதும் என்றாகிவிட்டது. ஒன்றரை மைல் தள்ளி, கருவேல முள்ளுக்குள் கொண்டுபோய்ச் செருகியது. செருப்பு இல்லாமல் நடந்து வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. உனக்குக் காய்ச்சல் விட்டு, தூங்கிக்கொண்டிருந்தாய். ஏன் நனைந்திருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். மழை என்றேன். ஆண்டிபட்டிப் பக்கம் ஆடியில் ஏது அப்படி மழை? அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதனால்தான் உன் திட்டத்தில் அந்தக் கடைசி நாள் எனக்கு உறுத்துகிறது. ஞாயிறு சாயந்திரத்துக்குள் ஒபியாங்கோ ஏரியைக் கடந்து காருக்கு வரவேண்டும், திங்கள் காலை ஆபீஸ் என்று போட்டிருக்கிறாய். அந்தக் காட்டிலேயே பெரிய ஏரி அதுதான், காற்று அடித்தால் அலை எழும் ஏரி. ஆளையும் படகையும் ஏற்றிக்கொண்டு போகும் தண்ணீர் டாக்சி அங்கே இருக்கிறது என்று படித்தேன். அதில் வந்தால் கௌரவம் குறையும் என்றாய். குறையட்டுமே என்று நான் நினைக்கிறேன், ஆனால் அது உன் இஷ்டம். திங்கள்கிழமைக்கு மட்டும் லீவு சொல்லிவிடு. ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக எடுத்துக்கொள். ஞாயிறு காலை அலையில் வெள்ளை தெரிந்தால் கூடாரத்தைப் பிரிக்காதே. சுக்குக் காபி போட்டுக் குடித்துக்கொண்டு உட்கார். சாயந்திரம் காற்று விழலாம், இல்லாவிட்டால் மறுநாள் விடியக் கிளம்பு.

என் பங்குக்கு நான் ஒன்று செய்கிறேன். உன் சாட்டிலைட் கருவியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை செய்தி வராவிட்டாலும் யாரையும் கூப்பிட மாட்டேன். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி ஆனால் மட்டும் உன் தோழிக்குப் போன் போடுவேன், அவள் காட்டு அலுவலகத்துக்குச் சொல்லட்டும். எங்களுக்கு அது சாயந்திரம் ஆறரை. அதுவரை அப்பா காத்துக்கொண்டிருக்கிறாரே என்று நீ துடுப்பைத் தொடவேண்டாம்.

அப்புறம், போன தடவை ஒரு டாலர் காசு கொடுத்தாயே, அதில் இருக்கும் லூன் பறவை ராத்திரியில் ஊளையிடுகிற மாதிரி கத்துமாமே. கேட்டால் பதிவு செய்து கொண்டுவா. அம்மா பயப்படுவாள், எனக்கு மட்டும் போட்டுக் காட்டு.

நீ காட்டில் இருக்கும் அஞ்சு நாளும் அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் அந்த ஆடி மாசத்துக் கதையையும் அவளிடம் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். அவளுக்கு ஏற்கனவே தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா