செயலாளரின் ஆண்டறிக்கை, 2024: மலாய் வினாத்தாள் பணியில் நம் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மலேசியாவின் கிள்ளானில் இயங்கிவரும் நம் இனிப்புநீர் (நீரிழிவு) நோயாளர் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு நடவடிக்கைகளை இவ்வறிக்கை வழியாகச் சமர்ப்பிக்கிறேன். இலவச இரத்தப் பரிசோதனையும் பாதப் பராமரிப்புப் பயிற்சியும் வழக்கம்போல் நடந்தேறின. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். இவ்வாண்டு செயலவையின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது வேறொரு பணி என்பதால், அறிக்கையின் எஞ்சிய பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று நம்மை அணுகியது. நோயாளி தம் சிகிச்சையில் எந்த அளவுக்குத் தாமே ஈடுபடுகிறார் என்பதை அளக்கும் ஆங்கில வினாத்தாள் ஒன்றை மலாய்க்குக் கொண்டுவந்து, அங்கும் அது அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று சோதிக்க நோயாளர்களின் துணை வேண்டும் என்று கேட்டது. உரிமை ஒப்பந்தத்தின்படி அந்த வினாத்தாளின் பெயரையோ வாசகங்களையோ நாம் வெளியிட இயலாது. எனினும் இவ்வகை அளவுகோல்கள் சில பொதுவெளியில் அறியப்பட்டவையே. அமெரிக்காவில் ஜூடித் ஹிப்பர்ட் குழுவினர் 2004இல் வெளியிட்ட ‘பேஷன்ட் ஆக்டிவேஷன் மெஷர்’ 22 கூற்றுகளைக் கொண்டிருந்தது. மறு ஆண்டே அது 13 கூற்றுகளாகச் சுருக்கப்பட்டது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2015இல் ஐந்தே கூற்றுகளில் இன்னொன்றை அமைத்தனர். மலேசியத் தேசிய சுகாதார ஆய்வின்படி 2019இல் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், 2023இல் 15.6 விழுக்காட்டினருக்கும் இனிப்புநீர் இருந்தது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை சில நிமிடங்கள் மருத்துவரைப் பார்க்கும் நமக்கு மற்ற நாளெல்லாம் நாமே மருத்துவர் என்பதால், இந்த அளவீடு நமக்கு அயலான விஷயமன்று எனக் கருதிச் செயலவை ஒப்புக்கொண்டது.

பணி நடந்த முறை இது: மருத்துவம் அறிந்த ஒருவரும் அறியாத ஒருவரும் தனித்தனியே மலாயில் பெயர்த்தனர், இரண்டையும் ஒப்பிட்டு ஒரே வாசகமாக்கிய பின், ஆங்கில மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அதைத் திரும்பவும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர், வல்லுநர் குழு எல்லாவற்றையும் சீர்தூக்கியது. நாம் உள்ளே வந்தது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு கூற்றையும் படித்துக் காட்டி, “உங்களுக்கு இது என்னவாகப் புரிகிறது?” என்று ஆய்வாளர் கேட்க, நம் உறுப்பினர்கள் தம் சொற்களில் விளக்கினர்.

அங்கேதான், இத்தனை கட்டங்களைக் கடந்து வந்த வாசகங்கள் தடுமாறின. முடிவெடுப்பதில் பங்கேற்பது பற்றிய கூற்றில் ‘கெபுத்துசான்’ என்ற சொல் இருந்தது. அது முடிவெடுத்தலையும் குறிக்கும், பரிசோதனை முடிவையும் குறிக்கும். கிளினிக்கில் நம் காதில் விழுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆகவே, “இரத்தப் பரிசோதனை முடிவை மருத்துவர் என்னிடம் காட்டுகிறார், அதனால் ஆம்” என்று பலர் நேர்மையாகவே தவறான பொருளில் பதிலளித்தனர். தமிழிலும் ‘முடிவு’ என்ற ஒரே சொல் இரண்டிற்கும் வழங்குவதால், இதை முதலில் கண்டுபிடித்தது நம் தமிழ் உறுப்பினர்தாம் என்பதைச் சற்றுப் பெருமையோடு பதிவு செய்கிறேன். ‘தெர்லிபாட்’ என்ற சொல்லும் இடறியது. ஈடுபடுவதைக் குறித்தாலும், நாளிதழ்களில் விபத்திலும் குற்றத்திலும் சிக்கியோரைப் பற்றியே அதை அதிகம் படிக்கிறோம். மருத்துவரும் நோயாளியும் சேர்ந்த ‘நாம்’ என்பதற்குக் ‘கீத்தா’வா (கேட்பவரையும் சேர்த்தது) ‘காமி’யா (கேட்பவரை விலக்கியது) என்ற விவாதம் அரை நாள் நீடித்தது. நாம், நாங்கள் என்று தமிழில் பிரித்துப் பேசிப் பழகியவர்களுக்கு அதன் நுட்பம் உடனே புரிந்தது. ஆங்கிலத்தில் இந்தப் பிரிவே இல்லாததால் மூலத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வழியில்லை. முன்னிலைக்குரிய ‘அண்டா’ நம் பெண்மணிகளுக்குச் சமையற்கட்டை நினைவூட்டிச் சிரிப்பை வரவழைத்தது என்பதையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

சொற்களைவிடக் கடினமாக இருந்தது மரியாதை. கிளினிக் ஊழியர் ஒருவர் அருகில் இருந்து படித்தபோது ஏறக்குறைய எல்லாக் கூற்றுகளுக்கும் ‘செத்துஜு’ (உடன்படுகிறேன்) என்றே பதில் வந்தது. சங்க அறையில் தனியே எழுதச் சொன்னபோது அதே உறுப்பினர்கள் மருத்துவரிடம் கேள்வி கேட்கத் தயங்குவதாக ஒப்புக்கொண்டனர். எதிர்மறைக் கூற்றுக்கு ‘உடன்படவில்லை’ என்று பதில் சொல்ல வேண்டிய இடங்களில் கல்லூரி படித்தவர்களும் குழம்பினர். இவ்விரண்டையும் ஆய்வுக் குழு குறித்துக்கொண்டது.

அடுத்த கட்டம் புள்ளியியல் சார்ந்தது. ஆறு பேருக்குக் குறையாத வல்லுநர்கள் ஒவ்வொரு கூற்றின் பொருத்தத்தையும் மதிப்பிடும்போது, 0.78க்கும் குறையாத உள்ளடக்க ஏற்புடைமைக் குறியீட்டை, அதாவது கூற்று பொருத்தமானது என்று சொல்லும் வல்லுநர்களின் விகிதத்தை, எதிர்பார்ப்பது வழக்கம். கூற்றுகள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் குரோன்பாக் ஆல்பா 0.70ஐத் தொட வேண்டும் என்பதும் அவ்வாறே. ஆல்பா மிக உயர்ந்தால் மகிழ்ச்சி கொள்ள வேண்டியதில்லை, ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறோம் என்றும் பொருள்படலாம் என ஆய்வுக் குழுவினர் விளக்கியது எனக்குப் புதிய பாடம். முடிவுகளை வெளியிடும் உரிமை அவர்களுடையது. ஆகவே எண்களை இங்கே தரவில்லை.

செயலவையின் கவலை ஒன்றை மட்டும் பதிவு செய்ய வேண்டும். தோட்டத்தில் வளர்ந்து, சந்தையிலும் வேலையிடத்திலும் ‘பாசார் மலாய்’ எனும் எளிய பேச்சு மலாயைப் பேசிப் பழகிய நம் மூத்த உறுப்பினர்களுக்கு இவ்வாசகம் எட்டவில்லை. பிள்ளைகள் உடனிருந்து தமிழில் சொல்ல, அவர்கள் பதிலளித்தனர். பிள்ளைகள் சொன்ன தமிழோ வீட்டுக்கு வீடு வேறுபட்டது. மலாயைத் தாய்மொழியாகக் கொண்டோரிடம் ஏற்புடையதென மெய்ப்பிக்கப்பட்ட வினாத்தாள், இவர்கள் கையில் கொடுக்கப்படும்போது எதை அளக்கிறது என்பதை யாரும் சோதிக்கவில்லை. கிடைக்கும் குறைந்த மதிப்பெண், ஈடுபாடு இல்லாதவர் என்ற பெயரை அவர்களுக்குத் தந்துவிடக்கூடும். வருடக்கணக்காகத் தம் இரத்தச் சர்க்கரை அளவுகளைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதிவரும் பாட்டி ஒருவர் நம்மிடையே இருக்கிறார்; அந்த வினாத்தாளில் அவர் பாதிக் கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தார்.

இதனைக் கடிதமாக எழுதி ஆய்வுக் குழுவிடம் அளித்தோம். தமிழ்ப் பெயர்ப்பை முறைப்படி மேற்கொள்ள அனுமதி கோரி, மூல உரிமையாளருக்கும் செயலவை விண்ணப்பித்துள்ளது. இவ்வறிக்கை எழுதப்படும் நாள்வரை பதில் வரவில்லை. வந்தால், முதல் வாசிப்புக்குக் குறைந்தது முப்பது பேர் தேவைப்படுவர். விருப்பமுள்ளோர் கூட்ட முடிவில் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

பணிவுடன்,
கௌரவச் செயலாளர்