மகளுக்கு: எல்டன் ரிங்கில் எந்த ஆயுதம்?

கீழக்கரை

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் வாங்கிவிட்டாய், அதில் எந்த ஆயுதத்தைப் பிடிப்பது என்று கேட்டாய் என உம்மா சொன்னாள். இங்கே கச்சான் பலமாக அடிக்கிறது, படகெல்லாம் கரையில்தான். ஆற அமர எழுதுகிறேன்.

ஆயுதத்தின் பலத்தைக் காட்டும் தாக்குதல் எண்ணைப் பார்த்து மயங்கிவிடாதே. வீச்சு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கணும். சீலா துண்டு போடுகிற கத்தியை வைத்து நெத்திலி ஆய முடியாது. அது கத்தியின் குறையும் இல்லை. கதையில் வரும் முதல் பெரிய பாஸ், அதாவது எதிரித் தலைவன், மார்கிட் கைத்தடியை ஓங்கி, அப்படியே நிறுத்தி, அப்புறம்தான் அடிப்பான். ஓங்கியதைப் பார்த்ததும் நீ கனமான வாளை வீசத் தொடங்கினால், உன் வாள் தோளுக்கு மேலே இருக்கும்போதே அவன் அடி விழுந்துவிடும். கட்டானா என்ற ஜப்பானிய வாள் வைத்திருந்தால் ஒரு வெட்டு வெட்டிவிட்டு உருண்டு தப்பிவிடலாம்.

ஆனாலும் கனமான ஆயுதம் எனக்குப் பிடிக்கும். இரண்டு கையாலும் பிடித்து, குதித்து, கன்ட்ரோலரில் கனமான அடிக்கான ஆர்2 பட்டனை அழுத்தினால் எதிரி சீக்கிரம் நிலைகுலைந்து மண்டியிடுவான். அப்போது முன்னால் போய் சாதாரண அடிக்கான ஆர்1 அழுத்து, பெரிய சேதம் விழும். கொலோசல் என்ற ராட்சத வாள் வகையில் வரும் கிரேட்ஸ்வோர்டுக்கு உன் பாத்திரத்தின் ஸ்ட்ரெங்த் (வலிமை) 31, டெக்ஸ் (லாவகம்) 12 வேணும், எடை 23. இரண்டு கையால் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்காகும், அதனால் 21 இருந்தாலே தூக்கலாம். தொல்லை எடையில்தான். மொத்தச் சுமை நீ தாங்கக்கூடிய அளவில் 70 சதவீதத்தைத் தொட்டதும் உருளுவது மந்தமாகிவிடும். அந்த நிலையில் எந்த ஆயுதமும் உதவாது. கவசத்தில் ஒன்றைக் கழற்று, இல்லையென்றால் சுமை தாங்கும் திறனைக் கூட்டும் எண்டுரன்ஸை ஏற்று.

நீ புதிது என்பதால் சாமுராய் என்ற பாத்திரத்தைத் தேர்ந்து தொடங்கு. கையிலேயே உச்சிகட்டானா என்ற கட்டானா இருக்கும்: ஸ்ட்ரெங்த் 11, டெக்ஸ் 15, எடை 5.5. நாலைந்து வெட்டு தொடர்ந்து பட்டால் ரத்தப்போக்கு வெடித்து, எதிரியின் மொத்த உயிரில் ஒரு பங்கு போய்விடும். எலும்புக்கூடுகளிடம் இது பலிக்காது. ஆட்டம் தொடங்கும் லிம்கிரேவ் பகுதியின் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கல் மாதிரித் தோல், வெட்டு சரியாக ஏறாது. ஆயுதத்தை மேம்படுத்தும் கல்லான ஸ்மிதிங் ஸ்டோன் எடுக்க அந்தச் சுரங்கத்துக்குப் போகணும், அதனால் இரண்டாவது ஆயுதமாகக் கதாயுதம், சுத்தியல் மாதிரி அடிக்கிற வகை ஒன்று கைவசம் இருக்கட்டும். கேடயத்துக்குப் பின்னால் நின்று நிதானமாக ஆட ஆசை என்றால் ஈட்டிக்குப் போ. கேடயத்தைத் தூக்கியபடியே குத்தலாம்.

முடிவு செய்வதற்கு முன் லிம்கிரேவிலேயே உள்ள கேட்ஃப்ரன்ட் இடிபாடுகளுக்குப் போ. அங்கே நிற்கும் வண்டியின் பெட்டியில் லார்ட்ஸ்வோர்ன் கிரேட்ஸ்வோர்ட் என்ற கனமான வாள் கிடக்கும்: ஸ்ட்ரெங்த் 16, டெக்ஸ் 10, எடை 9. சாமுராய்க்கு ஸ்ட்ரெங்த் 12தான், அதனால் இரண்டு கையால் பிடி. அங்கேயே உள்ள வீரர்களிடம் ஒருமுறை கட்டானாவாலும் ஒருமுறை இந்த வாளாலும் சண்டை போட்டுப் பார். அடித்து முடித்ததும் உருளுவதற்கு ஸ்டாமினா, அதாவது தெம்பு, மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

தேர்ந்தெடுத்ததும் ஸ்மிதிங் ஸ்டோன் கல்லை எல்லாம் அந்த ஒன்றில் மட்டும் போடு. சாதாரண ஆயுதத்தை +1, +2, +3 ஆக்க முறையே 2, 4, 6 கல், ஆக முதல் தரக் கல்லே 12 வேணும். +25 வரை கொண்டுபோக 96 கல்லும் கடைசியில் ஒரு ஏன்ஷியன்ட் டிராகன் கல்லும். சோம்பர் கல் கேட்கும் சிறப்பு ஆயுதங்கள் +10 வரைதான், படிக்கு ஒரு கல். ஸ்ட்ரெங்த், டெக்ஸ் மாதிரியானவற்றுக்குப் பாயிண்டைத் தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை. ரென்னாலா என்ற பாஸை வென்றபின் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். போட்ட கல் திரும்பி வராதும்மா.

இன்னொன்று: மார்கிட்டிடம் போகுமுன் உயிர் அளவைக் கூட்டும் விகரை 20க்காவது ஏற்று. சாமுராய் 12இல்தான் தொடங்குவான், இரண்டு அடியில் சுருண்டுவிடுவாய்.

வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போது, எத்தனையாவது வெட்டில் ஸ்டாமினா தீர்கிறது என்று பார்த்துச் சொல். எண்டுரன்ஸ் எவ்வளவு போடலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.

வாப்பா